உலகிலேயே அதிகக் கூட்டம் கூடும் லீக் எது? ஒரே கேள்விக்கு 3 பதில்கள்... எண்களுக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

ஐபிஎல் சீசன் வந்துவிட்டால் போதும். 'உலகத்துலயே இவ்வளவு கூட்டம் வேற எந்த லீக்குக்கும் வராது' என்று ஒருவர் ஆரம்பிப்பார். 'பிரீமியர் லீக் பார்த்ததில்லையா?' என்று இன்னொருவர் கிளம்புவார். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நண்பர், 'என்எஃப்எல் முன்னாடி இதெல்லாம் ஒண்ணுமே இல்ல' என்று வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் நோட் போடுவார்.

இதில் யார் சொல்வது சரி? எதை வைத்துக் கணக்குப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். சராசரி என்று பார்த்தால் ஒரு லீக் முதலிடம். மொத்தக் கூட்டம் என்று பார்த்தால் வேறு லீக். அரங்கம் எந்த அளவுக்கு நிரம்புகிறது என்று பார்த்தால் அதுவும் மாறிவிடும்.

இது வெறும் பெருமைக்கான கணக்கு மட்டும் இல்லை. இந்த எண்களைக் காட்டித்தான் அணிகள் புது மைதானம் கேட்கின்றன, ஊரை விட்டே கிளம்பவும் செய்கின்றன. விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு பார்வை

2023 அல்லது 2023-24 சீசனின் லீக் சுற்று ஆட்டங்களுக்கான தோராயமான கணக்கு இது. பிளே ஆஃப் ஆட்டங்கள் இதில் சேராது.

* என்எஃப்எல் (அமெரிக்க ஃபுட்பால்): 272 ஆட்டங்கள், சராசரி 69,500 பேர், மொத்தம் 1.89 கோடி
* பூண்டஸ்லிகா (ஜெர்மனி கால்பந்து): 306 ஆட்டங்கள், சராசரி 39,500 பேர், மொத்தம் 1.2 கோடி
* பிரீமியர் லீக் (இங்கிலாந்து கால்பந்து): 380 ஆட்டங்கள், சராசரி 38,500 பேர், மொத்தம் 1.46 கோடி
* எம்எல்பி (அமெரிக்க பேஸ்பால்): 2,430 ஆட்டங்கள், சராசரி 29,000 பேர், மொத்தம் 7.07 கோடி
* என்பிபி (ஜப்பான் பேஸ்பால்): 858 ஆட்டங்கள், சராசரி 29,000 பேர், மொத்தம் 2.5 கோடி
* எம்எல்எஸ் (அமெரிக்க கால்பந்து): 493 ஆட்டங்கள், சராசரி 22,000 பேர், மொத்தம் 1.09 கோடி
* என்பிஏ (அமெரிக்க கூடைப்பந்து): 1,230 ஆட்டங்கள், சராசரி 18,300 பேர், மொத்தம் 2.25 கோடி
* என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி): 1,312 ஆட்டங்கள், சராசரி 17,200 பேர், மொத்தம் 2.25 கோடி

பதில் 1: சராசரியில் கிங் என்எஃப்எல்

ஒரு ஆட்டத்துக்கு சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்தால், போட்டியே இல்லை. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்தோடு ஓடுவார்களே, அந்த அமெரிக்க ஃபுட்பால்தான் முதலிடம். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் மைதானத்துக்கு மட்டும் சராசரியாக 93 ஆயிரம் பேர் வருகிறார்கள்.

ஆனால் இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். ஒரு என்எஃப்எல் அணி சீசன் முழுக்க ஆடுவதே 17 ஆட்டங்கள்தான். அதில் சொந்த ஊரில் நடப்பது 8 அல்லது 9. பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை. அதாவது, நம்ம ஊர் டீமை நேரில் பார்க்க வருஷத்துக்கே எட்டு, ஒன்பது வாய்ப்புதான். கிட்டத்தட்ட திருவிழா மாதிரி. அதனால் கூட்டம் குவிகிறது.

பதில் 2: மொத்தக் கூட்டத்தில் பேஸ்பால்

மொத்தக் கணக்கை எடுத்தால் என்எஃப்எல் பின்னால் போய்விடுகிறது. அமெரிக்க பேஸ்பால் லீக்கான எம்எல்பி-க்கு 2023-ல் வந்தவர்கள் எண்ணிக்கை 7 கோடியைத் தாண்டியது. இதுவே அதன் உச்சம் இல்லை. 2007-ல் கிட்டத்தட்ட 7.95 கோடி வரை போயிருக்கிறது. இரண்டாவது இடத்தில் இருப்பதும் பேஸ்பால்தான். வெறும் 12 அணிகளை வைத்துக்கொண்டு ஜப்பான் லீக் 2.5 கோடி பேரை மைதானத்துக்கு வரவழைக்கிறது.

இதற்குக் காரணம் ஆட்டங்களின் எண்ணிக்கை. ஒரு எம்எல்பி அணி சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆடும். அதில் 81 சொந்த மைதானத்தில். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஏறக்குறைய தினமும் மேட்ச். செவ்வாய், புதன் என்று வேலை நாள் பார்ப்பதில்லை. அப்படி இருந்தும் ஒரு ஆட்டத்துக்கு 29 ஆயிரம் பேர் வருவது சாதாரண விஷயம் இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெரும்பாலான எம்எல்பி மைதானங்களில் 37 ஆயிரம் முதல் 50 ஆயிரம் இருக்கைகள் உண்டு. சராசரியாகப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருக்கைகள் காலி. மொத்தக் கூட்டத்தில் உலக நம்பர் 1 லீக், பல நாட்கள் காலி இருக்கைகளுக்கு முன்னால்தான் ஆடுகிறது.

பதில் 3: நிரம்பி வழிவது என்பிஏ

சராசரி 18,300 என்றதும் கூடைப்பந்துக்கு அவ்வளவுதான் மவுசு என்று நினைத்துவிட வேண்டாம். 2023-24 சீசனில் என்பிஏ அரங்குகள் 98 சதவீதம் நிரம்பின. இதற்கு மேல் கூட்டம் வர வேண்டும் என்றால் சுவரை இடித்துத்தான் கட்ட வேண்டும்.

கூடைப்பந்து உள்ளரங்க ஆட்டம். ஆடுகளமும் சின்னது. ரொம்ப தூரத்தில் உட்கார்ந்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் அரங்குகளையே 18 ஆயிரம், 20 ஆயிரம் இருக்கைகளோடுதான் கட்டுகிறார்கள். ஐஸ் ஹாக்கிக்கும் இதே கதைதான். பல ஊர்களில் இரண்டு விளையாட்டும் ஒரே அரங்கில் நடக்கின்றன.

இடம் கிடைத்தால் என்ன ஆகும்? 2023 ஜனவரி 13 அன்று சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி, தன் வழக்கமான அரங்கை விட்டு அலமோடோம் என்ற பெரிய மைதானத்தில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸுடன் மோதியது. வந்தவர்கள் 68,323 பேர். என்பிஏ லீக் சுற்று ஆட்டங்களின் வரலாற்றிலேயே அதிகபட்சக் கூட்டம் அது. என்எஃப்எல் சராசரிக்கு கிட்டத்தட்ட சமம்!

ஆக, பல நேரங்களில் இந்த எண்கள் ரசிகர்களின் ஆர்வத்தை அளப்பதில்லை. கட்டடத்தைத்தான் அளக்கின்றன.

அணி மாறினால் சராசரியும் மாறும்

இதற்கு ஜெர்மனி நல்ல உதாரணம். ஐரோப்பிய கால்பந்து லீக்குகளில் கடைசி இடங்களைப் பிடிக்கும் அணிகள் அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்படும். கீழே இருந்து புதிய அணிகள் மேலே வரும்.

2023-ல் ஷால்கே, ஹெர்த்தா பெர்லின் என்ற இரண்டு பெரிய அணிகள் பூண்டஸ்லிகாவில் இருந்து இறங்கின. ஷால்கே மைதானத்தில் சுமார் 62 ஆயிரம் பேருக்கு இடம் உண்டு. ஹெர்த்தா ஆடும் பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் சுமார் 74 ஆயிரம். மேலே வந்த ஹைடன்ஹைம் அணியின் மைதானத்தில் வெறும் 15 ஆயிரம் பேருக்குத்தான் இடம். டார்ம்ஸ்டாட் மைதானத்திலோ 18 ஆயிரத்துக்கும் கீழே.

விளைவு? 43 ஆயிரத்தை ஒட்டி இருந்த பூண்டஸ்லிகா சராசரி, ஒரே சீசனில் 40 ஆயிரத்துக்கும் கீழே வந்தது. ஜெர்மனிக்காரர்களுக்கு கால்பந்து திடீரென்று கசந்துவிட்டதா என்ன? அந்தக் கூட்டம் ஒரு படி கீழே போயிருந்தது, அவ்வளவுதான். அதே சீசனில் இரண்டாம் டிவிஷனின் சராசரி சுமார் 29 ஆயிரம். பல நாடுகளின் முதல் டிவிஷனுக்கே இந்தக் கூட்டம் கிடையாது.

சென்னைக்கும் இந்த அனுபவம் உண்டு. சேப்பாக்கத்தில் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் நினைவிருக்கிறதா? அனுமதிப் பிரச்னையால் 2012-ல் சீல் வைக்கப்பட்டவை. சுமார் 12 ஆயிரம் இருக்கைகள். மஞ்சள் ஜெர்சிக்கு டிக்கெட் கிடைக்காமல் வெளியே ரசிகர்கள் அலைய, உள்ளே அந்த மூன்று ஸ்டாண்டும் காலியாகக் கிடந்தன. அவற்றைத் திறக்க அனுமதி கிடைக்காததால் 2019 ஐபிஎல் இறுதிப்போட்டியே சென்னையில் இருந்து ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அந்த ஆண்டுகளில் சேப்பாக்கத்தின் கூட்டத்தை மட்டும் வைத்து சென்னையின் ஆர்வத்தைக் கணக்கிட்டிருந்தால், கணக்கு தப்பாகியிருக்கும்.

ஐபிஎல் எங்கே நிற்கிறது?

ஐபிஎல் என்றதும் எல்லோரும் சொல்வது 2022 இறுதிப்போட்டியைத்தான். அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் மே 29 அன்று 1,01,566 பேர் அமர்ந்து பார்த்தார்கள். டி20 ஆட்டம் ஒன்றுக்கு வந்த அதிகபட்சக் கூட்டம் என்று கின்னஸ் சாதனையும் கிடைத்தது.

ஆனால் அது ஒரு நாள் கணக்கு. ஒரு சீசனுக்கு 74 ஆட்டங்கள். 1 லட்சத்து 32 ஆயிரம் பேர் உட்காரும் அகமதாபாத்தும், 40 ஆயிரத்துக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட சேப்பாக்கமும் அதே லீக்கில்தான் இருக்கின்றன. ஒரு இறுதிப்போட்டியின் எண்ணை எடுத்து இன்னொரு லீக்கின் சீசன் சராசரியோடு மோதவிட்டால் அது நியாயமான போட்டி இல்லை.

ஆட்டங்களைக் கூட்டினால் கூட்டம் கூடுமா?

ஆஸ்திரேலியாவின் பிக் பேஷ் டி20 லீக் இதற்கு நேரடி விடை. 2016-17 சீசனில் மொத்தம் 35 ஆட்டங்கள், சராசரி சுமார் 30 ஆயிரம் பேர். உலகமே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு வரவேற்பு இருக்கிறதே என்று அடுத்த சீசனில் ஆட்டங்களை 43 ஆக்கினார்கள். சராசரி சுமார் 26 ஆயிரமாக இறங்கியது. 2018-19-ல் 59 ஆட்டங்கள். சராசரி சுமார் 20 ஆயிரம்.

இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு சராசரி போய்விட்டது. லீக் படுத்துவிட்டது என்று தலைப்பு போடலாம். ஆனால் மொத்தக் கூட்டத்தைப் பாருங்கள்: 10.5 லட்சத்தில் இருந்து சுமார் 12 லட்சமாக உயர்ந்திருந்தது. இரண்டுமே உண்மை. எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதில்தான் கதை மாறுகிறது. பிறகு பிக் பேஷ் நிர்வாகமே ஆட்டங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டது.

எண்ணுவது ஆட்களையா... டிக்கெட்டுகளையா?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. மைதானத்தின் பெரிய திரையில் 'இன்றைய வருகை' என்று போடுவார்களே, அது பெரும்பாலும் உள்ளே வந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. விற்ற டிக்கெட்டுகளின் எண்ணிக்கை!

2018 மார்ச் 1 அன்று லண்டனில் கடும் பனி. ஆர்சனல், மான்செஸ்டர் சிட்டி ஆட்டம். எமிரேட்ஸ் மைதானத்தில் வரிசை வரிசையாக இருக்கைகள் காலியாகக் கிடந்ததை டிவியில் எல்லோரும் பார்த்தார்கள். அன்று அறிவிக்கப்பட்ட வருகை 58 ஆயிரத்துக்கும் மேல். சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு வீட்டில் போர்வைக்குள் இருந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டார்கள்.

அமெரிக்க பேஸ்பாலிலும் இதே சிக்கல். அங்கு நேஷனல் லீக், அமெரிக்கன் லீக் என இரண்டு பிரிவுகள். 1992 வரை நேஷனல் லீக் வாசலில் நுழைந்தவர்களை எண்ணியது. அமெரிக்கன் லீக் விற்ற டிக்கெட்டை எண்ணியது. 1993 முதல் இரண்டும் டிக்கெட் கணக்குக்கு மாறின. எனவே, 1980-களின் எண்களையும் இன்றைய எண்களையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது.

டிக்கெட் விலையும் ஒரு காரணம்

ஜெர்மனியில் எப்படி இவ்வளவு கூட்டம்? முக்கியக் காரணங்களில் ஒன்று, நின்றுகொண்டு பார்க்கும் பகுதி. டார்ட்மண்ட் மைதானத்தின் தெற்கு ஸ்டாண்டில் மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர் நின்றபடி ஆட்டம் பார்க்கலாம். 'மஞ்சள் சுவர்' என்று புகழ்பெற்றது அந்த இடம்தான். நிற்கும் டிக்கெட் விலை குறைவு. மாணவர்கள், கூலி வேலை செய்பவர்கள் எல்லோராலும் வர முடிகிறது. பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேற்பட்ட ஓட்டுரிமை உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும் என்ற '50+1' விதியும் அங்கே உண்டு. டிக்கெட் விலையை நினைத்தபடி ஏற்றுவது சுலபம் இல்லை.

இங்கிலாந்தில் 1989 ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள். அதன்பின் மேல்நிலை டிவிஷன்களில் எல்லாருக்கும் இருக்கை கட்டாயம் ஆனது. பாதுகாப்பான நிற்கும் பகுதிகளுக்கு 2022-ல்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. அங்கும் அரங்குகள் நிரம்பத்தான் செய்கின்றன. ஆனால், நிரம்பிய அரங்கம் என்பதற்காக எல்லா ரசிகர்களாலும் உள்ளே வர முடிகிறது என்று அர்த்தம் இல்லை.

டிவி பணம் இருக்கும்போது கூட்டம் எதற்கு?

நியாயமான கேள்வி. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. என்எஃப்எல் 2021-ல் போட்ட 11 ஆண்டு ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 10 ஆயிரம் கோடி டாலருக்கும் மேல். டிக்கெட் பணம் இதற்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனாலும் லீக்குகள் காலி இருக்கைகளைக் கண்டு பயப்படுகின்றன. மைதானத்தில் ஆள் இல்லாவிட்டால் டிவியில் பார்ப்பவருக்கும் சுவாரஸ்யம் போய்விடும் என்பது ஒரு காரணம். கொரோனா காலத்தில் ஆளில்லா மைதானங்களில் நடந்த ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

டிவியால் கூட்டம் குறையும் என்ற பயமும் பழையது. டிக்கெட் முழுக்க விற்காவிட்டால், அந்த ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்டக் கூடாது என்று என்எஃப்எல்-லில் விதி இருந்தது. 1973 முதல் இருந்த அந்த விதி 2015-ல்தான் நிறுத்தி வைக்கப்பட்டது. பிரிட்டனில் சனிக்கிழமை பிற்பகல் கால்பந்து ஆட்டங்களை நேரலையில் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு 1960-களில் வந்தது. சின்ன கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடக் கூடாது என்பதுதான் நோக்கம்.

எண்ணைக் காட்டி ஊரை விட்டுப் போன அணி

எண்களுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய விஷயம் இருக்கிறது என்பதற்கு ஓக்லாந்து ஊரின் கதையே போதும்.

கலிஃபோர்னியாவில் உள்ள இந்த ஊரில் 1968 முதல் ஆடிவந்த பேஸ்பால் அணி, ஓக்லாந்து ஏ'ஸ். 2019-ல் அதன் சராசரி கூட்டம் 20 ஆயிரத்துக்கும் மேல். 2023-ல் அது சுமார் 10 ஆயிரம். லீக்கிலேயே கடைசி இடம். மைதானம் பழசு, கூட்டம் வருவதில்லை, வேறு ஊர் பார்க்கிறோம் என்றது நிர்வாகம்.

ரசிகர்கள் சொன்னது வேறு. நல்ல வீரர்களை ஒவ்வொருவராக மற்ற அணிகளுக்குக் கொடுத்துவிட்டீர்கள், லீக்கிலேயே குறைந்த சம்பளப் பட்டியல் உங்களுடையது, பிறகு எதைப் பார்க்க வருவது என்று கேட்டார்கள். அந்த சீசனில் அணி 162-ல் 112 ஆட்டங்களில் தோற்றது.

பொதுவாகக் கோபம் வந்தால் ரசிகர்கள் மைதானத்தைப் புறக்கணிப்பார்கள். ஓக்லாந்து ரசிகர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை. பிரச்னை எங்களிடம் இல்லை என்று காட்ட, மைதானத்தை நிரப்புவோம் என்று அழைப்பு விடுத்தார்கள். 27,759 பேர் வந்தார்கள். வழக்கமான கூட்டத்தைவிட மூன்று மடங்கு. 'அணியை வித்துட்டுப் போங்க' என்பதுதான் அன்றைய கோஷம். அணியும் 2-1 என்று ஜெயித்தது.

அதே வாரத்தில், லாஸ் வேகாஸில் புது மைதானம் கட்ட 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் தரும் சட்டத்தில் நெவாடா ஆளுநர் கையெழுத்திட்டார். நவம்பரில் எம்எல்பி அணி உரிமையாளர்கள் ஒருமனதாக இடமாற்றத்துக்கு ஒப்புக்கொண்டார்கள்.

2024 செப்டம்பர் 26 அன்று ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். வந்தவர்கள் 46,889 பேர். வாரியர்ஸ் கூடைப்பந்து அணி 2019-ல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும், ரைடர்ஸ் ஃபுட்பால் அணி 2020-ல் லாஸ் வேகாஸுக்கும் ஏற்கெனவே போய்விட்டன. ஏ'ஸ் அணியும் கிளம்பியதோடு, ஐந்தே ஆண்டுகளில் மூன்று பெரிய அணிகளையும் அந்த ஊர் இழந்துவிட்டது. 2025 முதல் ஏ'ஸ் தற்காலிகமாக ஆடுவது சாக்ரமெண்டோவில், சுமார் 14 ஆயிரம் பேர் அமரும் சிறிய மைதானத்தில்!

அடுத்த முறை இப்படி ஒரு எண்ணைப் பார்த்தால்...

'உலகின் நம்பர் 1 கூட்டம்' என்று உங்கள் மொபைலுக்கு ஒரு கார்டு ஃபார்வர்டு ஆகி வந்தால், இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்:

* இது ஒரு ஆட்டத்தின் சராசரியா, சீசன் மொத்தமா, ஒரே ஒரு இறுதிப்போட்டியின் எண்ணா?
* அந்த லீக்கில் ஒரு அணி எத்தனை ஆட்டங்கள் ஆடுகிறது? வார இறுதியிலா, தினமுமா?
* மைதானத்தில் எத்தனை பேருக்கு இடம்? அதில் எத்தனை சதவீதம் நிரம்பியது?
* எண்ணியது உள்ளே வந்த ஆட்களையா, விற்ற டிக்கெட்டையா?
* இந்த எண்ணை யார் சொல்கிறார்கள்? அதைக் காட்டி என்ன கேட்கிறார்கள்?

இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்தால், வாட்ஸ்அப் குரூப் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று நீங்களே தீர்ப்பு சொல்லலாம். பெரும்பாலும் மூன்று பேர் சொன்னதும் சரியாகவே இருக்கும்!